ஏழாவது குழியின் சாய்வு

கோல்ஃப் பந்தை நான் கையில் தொட்டதில்லை. அதை அடிக்கிற மட்டையையும் தொட்டதில்லை. ஸ்காட்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் குத்துமதிப்பாகக் கை காட்டுவேன். ஆனாலும் அந்த நாட்டின் வடக்குக் கடற்கரையில் இருக்கிற கில்டோரன் என்ற கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டுக் குழிகளையும், அவற்றைச் சுற்றியிருக்கிற மேடு பள்ளத்தையும் என் அளவுக்குத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே ஒருவர்தான் இருக்கிறார். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் பணிவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் மேனகா. ஊர் கொல்லிமலை சோளக்காடு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் இறங்கினால் எங்கள் வீடு. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு சேலத்தில் அர்த்தனாரி சாருடைய டிராயிங் ஆபீஸில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். வீட்டு பிளான் வரைகிற ஆபீஸ் அது. ஒவ்வொரு பிளானின் வலது மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ‘வரைந்தவர்’ என்று அச்சடித்து, பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருப்பார்கள். மூன்று வருடத்தில் நூறு வீட்டுக்கு மேல் வரைந்தேன். ஒரு கட்டத்தில்கூட என் பெயர் ஏறவில்லை. எல்லாவற்றிலும் அர்த்தனாரி என்றே இருந்தது.

ஒரு முறை கேட்டும் பார்த்தேன்.

“ஆபீஸ் பேருதாம்மா போடோணும். அதான் முறை” என்றார். முறை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

2002ஆம் வருடம் அம்மா மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டவர். அம்மாவைப் பார்க்கவும் காட்டைப் பார்க்கவும் வேறு ஆள் இல்லை. நான் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிட்டேன்.

அந்த வருடம்தான் ஆபீஸுக்கு ஒரு புது மாதிரி வேலை வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கம்ப்யூட்டரில் ஆடுகிற கோல்ஃப் விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தது. நிஜமாகவே இருக்கிற மைதானங்களை அச்சு அசலாக அந்த விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மைதானத்தின் மேப்பையும் இருநூற்றுச் சொச்சம் புகைப்படங்களையும் சிடியில் போட்டு அனுப்புவார்கள். அவர்கள் கொடுக்கிற சாஃப்ட்வேரில் நாம் நிலத்தை எழுப்பித் தர வேண்டும். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து மேப்பில் கோடு கோடாகப் போட்டிருப்பார்கள். சேலத்து ஆபீஸில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தாலே தலை சுற்றியது. மேடு எது பள்ளம் எது என்று மாற்றி மாற்றிப் போட்டு, கடலுக்குள் ஒரு குன்றை எழுப்பி வைத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கோடுகள் புதிதில்லை. சரிவில் சாமை விதைக்க ஏர் ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் மலையைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு போவார்கள். ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் எனக்குக் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காலுக்குத் தெரிந்துவிடும்.

அர்த்தனாரி சாருக்கு அது தெரியும். அதனால்தான் கம்ப்யூட்டரை மலைக்கே அனுப்பினார். நாமக்கல்லிலிருந்து வருகிற பஸ்ஸில் ராசு அண்ணன் கண்டக்டர். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் மானிட்டரை ஒருவர் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அன்னாசி வாங்க வந்த வியாபாரி என்றார்கள்.

தேவராஜ் மாமாவின் எஸ்டிடி பூத்துக்கு போன் போட்டு அர்த்தனாரி சார் என்னை அழைத்தார்.

“இந்தத் தடவை உம்பேரு வரும்மா. ஆட்டம் முடியற எடத்துல ஒரு லிஸ்ட் ஓடும். எந்த மைதானத்த யாரு செஞ்சாங்கன்னு பேரு போடறாங்க. கில்டோரனுக்கு நேரா மேனகான்னு வரும்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த தவறு. கால் கட்டோடு கட்டிலில் கிடந்தவளுக்குப் பொழுது போக வேண்டாமா? எட்டிப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “எம்புள்ள பேரு கம்ப்யூட்டர்ல வரப்போவுது” என்று சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் அது சோளக்காட்டுச் சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து தேவனூர் நாடு, எடப்புளி நாடு என்று மலையில் இருக்கிற மற்ற ஊர்களுக்கும் போய்விட்டது. பலாப்பழம் வாங்கப் போனால்கூட, “ஏனம்மிணி, பேரு வந்திருச்சா?” என்று கேட்டார்கள். இனிமேல் அந்தப் பெயர் வரவில்லை என்றால் நான் சந்தைப் பக்கம் தலை காட்ட முடியாது.

மலை, மேடு, மணல் பள்ளம், கடற்கரை எல்லாம் பதினைந்து நாளில் எழுந்துவிட்டன. மீதி இருந்தது கிரீன். குழியைச் சுற்றிப் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டி, ஒரு சருகு இல்லாமல் வைத்திருக்கிற பாத்திக்கு அப்படிப் பெயர். ஆளுக்கு ஒரு குழி வீதம் பதினெட்டுப் பேர் காலையில் எழுந்து பெருக்கிவிட்டுப் போன மாதிரி சுத்தமாக இருந்தது. புகைப்படத்தில் பார்த்ததும் எனக்கு நாற்றங்கால் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் பள்ளத்து வயலில் நாற்றங்கால் போட்டால் பரம்படித்து மட்டம் பார்த்து, தண்ணீர் விட்டால் நாலு மூலையிலும் ஒரே விரல் ஆழம் நிற்கிற மாதிரி செய்வோம். ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று, “யாரு வயலு இது?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. இவ்வளவு பாடுபட்டுப் புல் வளர்க்கிறவர்கள் சரிவாகவா வைத்திருப்பார்கள்? மேப்பில் ஒவ்வொரு கிரீனிலும் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. ஆடுகிறவர்கள் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாஃப்ட்வேரில் மட்டப்படுத்துவதற்கு ஒரு பொத்தானே இருந்தது. நாலு நாள் உட்கார்ந்து, பதினெட்டுக் கிரீனையும் இம்மி பிசகாமல் மட்டப்படுத்தினேன். தண்ணீர் விட்டால் ஒரே ஆழம் நிற்கும். எனக்கே என் கையை முத்தமிட வேண்டும் போல இருந்தது.

சிடியை ராசு அண்ணன் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து வெளிநாடு. பத்து நாள் கழித்து பூத்துக்கு போன் வந்தது.

“பதினெட்டு மேசை அனுப்பியிருக்கீங்கன்னு எழுதியிருக்கான்மா” என்றார் அர்த்தனாரி சார். “ஒரு கிரீன்கூட மட்டமா இருக்காதாம். சாய்வு பாத்து அடிக்கறதுதான் ஆட்டமாம். அந்த அம்புக்குறி, சாய்வு எந்தப் பக்கம்னு காட்டறதாம். உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க. நீங்களும் சொல்லலீங்க.”

“சரி, உடு. மிச்சத்த இங்க ஆபீஸ்ல பாத்துக்கறோம். நீ சிடிய அனுப்பிரு.”

கடலுக்குள் குன்று வைத்த ஆபீஸில் பார்த்துக்கொள்வார்களாம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அம்மா சொல்வாள், அன்றைக்கு அது மூக்கைத் தாண்டிவிட்டது. ஆனால் தவறு என்னுடையது. அதனால் குரலை இறக்கித்தான் கேட்டேன்.

“இருபது நாளு குடுங்க சார். சாய்வுங்கறது எங்களுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லீங்க. மட்டம்னு நெனச்சதாலதான் மட்டமாச் செஞ்சேன்.”

யோசித்துவிட்டுச் சரி என்றார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை சேலத்திலிருந்து கம்பெனிக்கு கூரியர் கிளம்பியாக வேண்டும், தாண்டினால் என் பெயரை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

அம்புக்குறி எந்தப் பக்கம் சாய்வு என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு சாய்வு, நடுவில் எங்கே மடங்குகிறது, எங்கே குழிகிறது என்று சொல்லாது. அதற்குப் புகைப்படங்களைத்தான் பார்க்க வேண்டும். நான் புல்லைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தேன். எங்கே புல் கருத்திருக்கிறதோ அங்கே ஈரம் தங்குகிறது. எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கிருந்து தண்ணீர் ஓடிவிடுகிறது. பாசி படிந்த ஓரம், மழை பெய்த மறுநாள் எடுத்த படத்தில் மினுங்குகிற இடம், இப்படி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் நிலம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பின்னாலிருந்து போட்டுவிடலாம்.

திரையில் அதைச் செய்து பார்த்தேன். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் மனதுக்குத் திருப்தி வரவில்லை. திரையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியாதே. மறுநாள் பள்ளத்து வயலிலிருந்து ஏழு கூடை களிமண் சுமந்து வந்து வீட்டுக்கு முன்னால் இருக்கிற களத்தில் கொட்டினேன்.

ஒரு கிரீனுக்கு ஒன்று என்று முறம் அளவில் பதினெட்டு பிடித்தேன். புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து மண்ணை ஏற்றி இறக்கி, மேலே செம்பால் தண்ணீர் தெளிப்பேன். புகைப்படத்தில் புல் கருத்திருக்கிற இடத்தில் போய்த் தண்ணீர் தேங்கினால் சரி. வேறு இடத்தில் தேங்கினால் மண்ணைப் பிசைந்து மறுபடி. தேறியதும் நூல் கட்டி, கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வைத்து, நூலிலிருந்து மண் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, அந்த அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். டிப்ளமோ படித்தது அந்த நூலுக்கும் ஸ்கேலுக்கும் உதவியது. மற்றது மலையில் பிறந்ததால் வந்தது.

பந்து எப்படி உருளும் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? காய்ந்த மண்ணைச் சாணம் போட்டு மழமழவென்று மெழுகி, கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தேன். குழிக்குப் பாக்குக் கொட்டை அளவில் ஒரு பள்ளம். கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி அம்மா மேற்பார்வை பார்த்தாள்.

சோளக்காடு சும்மா இருக்குமா? முதல் நாள் இரண்டு பேர் வந்து இது என்ன சூளையா என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ராசு அண்ணன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து ஒரு குண்டை உருட்டினார். அது குழியைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மறுபடி உருட்டினார். பஸ் அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அதற்கப்புறம் சந்தை முடிந்ததும் எங்கள் களத்தில் ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. மரவள்ளிக் குச்சியை மட்டையாக வைத்துக்கொண்டு, “மூணாவதுல எடது பக்கம் ஓடுதப்பா”, “பதினொண்ணுல மெல்லத் தட்டோணும்” என்று பேசினார்கள். எனக்கும் அவர்களால் லாபம்தான். எந்தக் குண்டு எங்கே போகிறது என்று நூறு தடவை பார்த்துவிட்டேன்.

ஏழாவது கிரீனில்தான் வம்பு வந்தது.

அது கடலை ஒட்டி இருக்கிற கிரீன். அம்புக்குறி கடலைப் பார்த்து இருந்தது. புகைப்படத்தில் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதன்படி மண்ணைப் பிடித்துத் தண்ணீர் தெளித்தால் தண்ணீர் கடல் பக்கம் போய் நிற்கிறது. படத்தில் கடல் பக்கத்துப் புல்லோ காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. தரைப் பக்கத்து ஓரத்தில்தான் புல் கருத்திருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு கற்றை கோரை முளைத்திருந்தது. அந்த ஊரில் அதற்கு என்ன பெயரோ, பார்த்தால் எங்கள் ஊர்க் கோரைதான். தண்ணீர் வந்து தங்காத இடத்தில் கோரை முளைக்காது. கடலைப் பார்த்துச் சாய்ந்த கிரீனுக்கு முதுகுப் பக்கம் தண்ணீர் எப்படி ஏறிப் போகும்?

மூன்று முறை பிடித்துப் பார்த்தேன். படத்தில் இருக்கிற மாதிரி தண்ணீர் நிற்க வேண்டும் என்றால், கிரீன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் பார்த்துச் சாய்ந்தாக வேண்டும். மேப் தவறு.

பூத்துக்குப் போய் அர்த்தனாரி சாருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“கடலோரத்துல இருக்கற நெலம் கடலப் பாத்துத்தாம்மா சாயும். தண்ணியெல்லாம் கடலுக்குத்தான போவுது?”

“எங்கூர்த் தண்ணியும் கடலுக்குத்தானுங்க போவுது. அதுக்காக எங்க வயலெல்லாம் கடலப் பாத்தா சாஞ்சிருக்குது?”

“மேனகா, அங்கத்த சர்வேக்காரன் அளந்து போட்ட மேப்பு. நீ போட்டோவப் பாத்துத் தப்புங்கற. ஏற்கனவே ஒருக்கா மேசை அனுப்பிச் சிரிப்பாச் சிரிச்சாச்சு. மேப்புல இருக்கற மாதிரியே செய்யி. மாத்தி அனுப்பினா உம்பேரு லிஸ்ட்ல வராது, சொல்லிப்புட்டேன்.”

போனை வைத்துவிட்டார். பூத்துக்கு வெளியே மிளகு மூட்டையோடு நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போனுக்குக் காசைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அன்றைக்கு முழுவதும் களத்தில் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லப் போவதில்லை, மேப்பில் இருக்கிறபடி மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரே ஒரு கிரீன். எந்த ஊர்க்காரன் வந்து கேட்கப் போகிறான்? பெயர் வந்துவிடும், அம்மா சொன்னது பலித்துவிடும், சந்தையில் தலை நிமிர்ந்து நடக்கலாம். கம்ப்யூட்டரைத் திறந்து மாற்றவும் மாற்றினேன். அரை மணி நேர வேலைதான். மாற்றிவிட்டுப் பந்தை உருட்டினால் கடல் பக்கம் ஓடியது. ஏர் ஓட்டத் தெரிந்தவள் குறுக்கே ஓட்ட வேண்டிய சரிவில் நெட்டுக்கு ஓட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது. என் பெயரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பந்தும் ஓடுமே.

“என்ன சாமி, மொகம் வாடிக் கெடக்குது?” என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

சந்தையெல்லாம் சொல்லி வைத்தவள் அல்லவா, அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும், “கேட்டா நாந்தான் கூறு இல்லாமச் சொல்லிப்புட்டேன்னு சொல்லிக்கறேன், போ” என்றாள்.

மறுபடி மாற்றினேன். கிரீன் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. கெடுவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை சிடியை ராசு அண்ணன் கையில் கொடுத்தேன். அது சேலம் போய்ச் சேரும்போது சாயங்காலம். திருத்துவதற்கு அர்த்தனாரி சாரிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அப்படியே கம்பெனிக்கு அனுப்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான் அவர். லிஸ்டில் கில்டோரனுக்கு நேராக ஆபீஸ் பெயரைப் போட்டு அனுப்பினார்.

இரண்டு மாதம் நான் சந்தைக்குக் காலையில் போகவில்லை, கூட்டம் கலைந்த பிறகுதான் போவேன். “பேரு வந்திருச்சா?” என்று கேட்கிறவர்கள் குறைந்து, பிறகு யாருமே கேட்காமல் போனார்கள். கேட்டபோது வந்த எரிச்சலை விட, கேட்காமல் விட்டதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. மழையில் களிமண் கிரீன்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஏழாவதை மட்டும் ராசு அண்ணன் தகரம் போட்டு மூடி வைத்திருந்தார். அதில் யாராலும் ஒரே தட்டில் போட முடியவில்லை என்பதால் அவர்களுக்கு அதை விட மனமில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் பூத்திலிருந்து ஆள் வந்தது. அர்த்தனாரி சார் லைனில் இருந்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

“அந்த ஏழாவது கிரீன், மேப்புக்கு மாறா நீ செஞ்சியே. எதை வெச்சும்மா செஞ்ச?”

“எதுக்குங்க கேக்கறீங்க?”

கம்பெனிக்காரர்கள் ஆட்டத்தை கில்டோரனுக்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே முப்பது வருடமாகப் புல் வெட்டிப் பராமரிக்கிற ஒருவர் உட்கார்ந்து பதினெட்டுக் குழியும் ஆடியிருக்கிறார். மற்ற பதினேழு குழிகளைப் பற்றி நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினவர், ஏழாவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். மேப் எடுத்த பிறகு ஒரு புயலில் கடல் அந்தக் கிரீனின் ஓரத்தைத் தின்றுவிட்டதாம். கடல் பக்கம் கரையை உயர்த்தி மண் போட்டு மறுபடி கட்டினார்களாம். அன்றிலிருந்து அது தரைப் பக்கம்தான் சாய்கிறது. கடலைப் பார்த்ததும் கண் ஏமாந்துவிடுவதால் அங்கேயே வருடக்கணக்காக ஆடுகிறவர்கள்கூட அதில் தவறாக அடிக்கிறார்கள். இதைச் செய்தவர் எப்போது இங்கே வந்து நடந்து பார்த்தார் என்று கேட்டு எழுதியிருந்தார். கம்பெனிக்காரர்கள் அந்தக் கதையை சிடியோடு வருகிற புத்தகத்தில் போட நாலு வரி கேட்டிருந்தார்கள்.

“நேர்ல வாங்க சார், காட்டறேன்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். இந்த முறை வைத்தது நான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்தார். பாதி வளைவு ஏறுவதற்குள் ஆள் துவண்டுவிட்டார் என்று ராசு அண்ணன் சொன்னார். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எலுமிச்சம்பழம் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார். அம்மா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு எழுந்து மிளகு தட்டிப் போட்ட காப்பி வைத்துக் கொடுத்தாள். குடித்து முகம் தெளிந்த பிறகு களத்துக்கு அழைத்துப் போனேன். ராசு அண்ணன் தகரத்தை எடுத்தார். கடல் இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாயை விரித்தேன். எதிர்ப்பக்கம் நாலு கோரையை நட்டு வைத்திருந்தேன். கோலிக்குண்டை அவர் கையில் கொடுத்தேன்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தார்ப்பாயைப் பார்த்து, கடல் பக்கம் ஓடும் என்று கணக்குப் போட்டு, குழிக்குக் கோரைப் பக்கமாகத் தள்ளி உருட்டினார். குண்டு திரும்பிக் கோரையில் போய் முட்டியது. சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே அனுபவம்தான். பிறகு செம்பைக் கொடுத்தேன். அவரே தண்ணீர் தெளித்தார். அது மெதுவாக நகர்ந்து கோரைக்கு அடியில் போய் நின்றது. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கருத்த புல்லும் தேங்கிய தண்ணீரும் ஒரே இடம்.

தேங்கிய தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“சரிம்மா, நாலு வரி சொல்லு. எழுதிக்கறேன்.”

“எழுதிக்கோங்க. மொத வரி, இதச் செஞ்சது மேனகா.”

பேனா நின்றது. “லிஸ்ட் அனுப்பியாச்சேம்மா.”

“அச்சாயிருச்சுங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப மாத்தலாமுங்க.”

“ஆபீஸ் முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“இருக்குதுங்க. அப்ப முறைப்படி ஆபீஸே எழுதட்டும், எப்படிக் கண்டுபிடிச்சோம்னு. எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க.”

வருத்தமில்லை என்றது பச்சைப் பொய். அவர் என்னைப் பார்த்தார், களிமண்ணைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். பிறகு பேனாவைப் பையில் செருகிவிட்டு, “பூத்து எங்கிருக்குது?” என்று கேட்டார்.

அன்றைக்குச் சந்தை நாள். பூத்துக்குள் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். மேகம் இறங்கியிருந்தது, அந்த மாதிரி நாட்களில் எங்கள் லைன் கரகரவென்று இருக்கும். மறுமுனையில் ஆபீஸ் டைப்பிஸ்ட் கலைச்செல்விக்கு எதுவும் கேட்கவில்லை. சார் கத்த வேண்டியதாயிற்று.

“கலைச்செல்வி, கம்பெனிக்கு ஒரு ஈமெயில் அடி. கில்டோரனுக்கு நேரா ஆபீஸ் பேர எடுத்துரச் சொல்லு. ஆமா, எடுத்துரோணும். செஞ்சது மேனகா. கேக்குதா? மேனகா. நம்ம ஆபீஸ்ல இருந்த புள்ளதான். ஊரும் சேத்துப் போடு. சோளக்காடு. கொல்லிமலை.”

லைன் அறுந்தது. தேவராஜ் மாமா மறுபடி போட்டுக் கொடுத்தார். அர்த்தனாரி சார் முதலிலிருந்து ஆரம்பித்தார். வாழைத்தார் ஏலம் நின்றுவிட்டது. மிளகு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடியே திரும்பினார். ஆபீஸ் பெயரை எடுத்துவிட்டு மேனகா என்று போடச் சொல்லி, அர்த்தனாரி சார் சோளக்காட்டுச் சந்தை நடுவில் மூன்று தடவை கத்தினார். நூறு வீட்டுக் கட்டங்களில் வராத என் பெயர் அன்றைக்கு அவர் வாயாலேயே வந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பாதிக் கண்ணீர் கோபம்தான் என்றாலும் மீதி சந்தோஷம்.

மாசி மாதம் சிடி வந்தது. ஆட்டத்தின் கடைசியில் லிஸ்ட் ஓடியது. கில்டோரன், மேனகா, சோளக்காடு, கொல்லிமலை. மூன்று நொடி இருந்திருக்கும். வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அவர்கள்தான் ஏற்கனவே கேட்டாயிற்றே. ஏழாவதைப் போடச் சொன்னார்கள்.

திரையில் கடல் வந்தது. பச்சைக் கிரீன், ஓரத்தில் கோரை. ராசு அண்ணன் மவுஸைப் பிடித்தார். களத்தில் அத்தனை தடவை தோற்றவர், ஆனாலும் நிஜம் மாதிரியே இருந்த கடலைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஏனம்மிணி, இத்தனாப் பெரிய கடலு இந்தப் பக்கமல்ல இருக்குது. மெய்யாலுமே அந்தப் பக்கமா சாயும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அம்மா சொன்னாள்.

“கடலு கெடக்குது, உடு ராசு. அது எம்பொண்ணு போட்ட நெலம். அவ சொன்ன பக்கந்தான் சாயும்.”

ராசு அண்ணன் குழிக்குக் கடல் பக்கமாகத் தள்ளி அடித்தார். பந்து ஏறிப் போய், ஒரு கணம் நின்று, மெதுவாகத் திரும்பிக் குழிக்குள் விழுந்தது.